புரொஃபைலர் காட்டும் சதவீதம் எதன் சதவீதம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில், மெதுவாக ஓடும் நிரலை வேகப்படுத்துவது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. பெரும்பகுதி நல்ல கட்டுரை. ஊகத்தை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள் என்று அது சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் "புரொஃபைலர் பொய் சொல்லாது; பட்டியலில் முதலில் நிற்கும் ஃபங்ஷனைத் திருத்தினால் போதும்" என்று ஒரு வரி அதில் இருந்தது. அந்த வரிக்கு மறுப்பு எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அந்தக் கட்டுரையை வெட்டி, தன் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறார். அவரைப் போல இன்னும் எத்தனை பேர் ஒட்டி வைத்திருக்கிறார்களோ!

நான் 19 வருடங்களாக நிரல் எழுதுகிறேன். அதில் பாதிக்கு மேல், மற்றவர்கள் எழுதிய நிரல் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் வேலைதான். புரொஃபைலர் இல்லாமல் என் வேலை நடக்காது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

புரொஃபைலர் பற்றிக் கேள்விப்படாத வாசகர்களுக்காக நாலு வரி. ஒரு நிரலில் ஆயிரக்கணக்கான ஃபங்ஷன்கள், அதாவது ஆளுக்கு ஒரு வேலையைச் செய்யும் சிறு துண்டுகள், இருக்கும். எது எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று காட்டும் கருவிதான் புரொஃபைலர். அது இரண்டு விதமாக வேலை செய்யும். ஒரு வகை, நொடிக்கு நூறு முறையோ ஆயிரம் முறையோ நிரலை எட்டிப் பார்த்து, அந்தக் கணத்தில் எந்த ஃபங்ஷன் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். இதை 'மாதிரி எடுப்பது' என்போம். இன்னொரு வகை, ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் ஒரு காவலாளியை நிறுத்தி, எப்போது உள்ளே போனது, எப்போது வெளியே வந்தது என்று எழுதி வைக்கும். முதல் வகை, எட்டிப் பார்க்காத இடைவெளியில் நடந்ததை ஊகித்துக்கொள்கிறது. இரண்டாவது வகையில் காவலாளி எழுதுவதற்கே நேரம் போகிறது. எதைப் பயன்படுத்தினாலும் கையில் கிடைப்பது ஓர் அளவீடு. பிழை இல்லாத அளவீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

கணினி அறிவியலாளர் டொனால்ட் குனூத் 1971இல் ஃபோர்ட்ரான் மொழி நிரல்களை ஆராய்ந்து, பொதுவாக ஒரு நிரலின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதியே பாதிக்கு மேற்பட்ட ஓட்ட நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்று எழுதினார். அந்த 4 சதவீதம் எங்கே இருக்கிறது என்று தேடத்தான் இந்தக் கருவிகள். கருவி தவறான இடத்தைக் காட்டிவிட்டால், மீதி 96 சதவீதத்தில் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்து நாள் கணக்கில் உழைப்போம்.

எனக்கு அப்படி ஒன்பது நாள் போனது. ஒரு நாள் முழுவதும் சேர்ந்த பதிவுகளை இரவில் படித்து, தேதிவாரியாகத் தொகுத்து, காலையில் அறிக்கை தரும் நிரல் அது. 47 நிமிடம் ஓடும். 40 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார்கள். புரொஃபைலரை ஓட்டினேன். தேதியைப் பிரித்துப் படிக்கும் ஃபங்ஷன் 38 சதவீதம் என்று முதல் வரியில் நின்றது. 47இல் 38 சதவீதம் என்றால் ஏறக்குறைய 18 நிமிடம். அதைப் பாதியாக்கினாலே 9 நிமிடம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டேன். ஒன்பது நாள் உட்கார்ந்து அந்த ஃபங்ஷனை அடியோடு மாற்றி எழுதினேன். தனியாக ஓட்டிப் பார்த்தால் சரியாக இரண்டு மடங்கு வேகம். முழு நிரலில் சேர்த்து அன்று இரவு ஓட்டினோம். 45 நிமிடம்.

ஏன் என்று பிடிபட இன்னும் ஒரு நாள் ஆனது. பட்டியலுக்கு அடியில், நான் படிக்காமல் தாண்டிப் போன இடத்தில், மொத்த நேரம் 11 நிமிடம் என்று அச்சாகியிருந்தது. கடிகாரப்படி 47 நிமிடம் ஓடிய நிரலில் புரொஃபைலர் பார்த்தது 11 நிமிடம் மட்டும்தான். செயலி இந்த நிரலுக்காக உண்மையிலேயே உழைத்த நேரம் அது. மீதி 36 நிமிடமும் நிரல் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. வட்டிலிருந்து பதிவு வர வேண்டும் என்று கொஞ்ச நேரம், இன்னொரு த்ரெட் (ஒரே நிரலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இழைகளில் ஒன்று) பிடித்து வைத்திருந்த பூட்டு திறக்க வேண்டும் என்று மிச்ச நேரம். தூங்கிக்கொண்டிருக்கும் நிரலை அந்தப் புரொஃபைலர் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆக, 38 சதவீதம் என்பது 11 நிமிடத்தில் 38 சதவீதம். நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். அதைப் பாதியாக்கினால் இரண்டு நிமிடம். 47 போய் 45 ஆனதில் ஆச்சரியமே இல்லை.

அப்புறம் பூட்டைப் பிடித்து வைத்திருக்கும் நேரத்தைக் குறைத்து, வட்டிலிருந்து பெரிய பெரிய துண்டுகளாகப் படிக்கும்படி மாற்றினோம். 21 நிமிடத்தில் முடிந்தது. அதற்கு ஆனது இரண்டே நாள்.

அன்றிலிருந்து, யார் என்னிடம் புரொஃபைல் பட்டியலைக் கொண்டுவந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதன் கூட்டுத்தொகை என்ன, கடிகாரம் காட்டியது என்ன? லினக்ஸில் 'டைம்' என்று ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. நிரலை அதன் வழியாக ஓட்டினால் முடிவில் மூன்று வரி தரும். கடிகார நேரம் ஒன்று. நிரலின் சொந்த வேலைக்குச் செயலி செலவிட்ட நேரம் ஒன்று. நிரலின் சார்பில் இயங்குதளம் செய்த வேலைக்கான நேரம் ஒன்று. ஒரே த்ரெட்டில் ஓடும் நிரலில் பின்னிரண்டையும் கூட்டினால் முதலாவதற்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். பெரிய இடைவெளி இருந்தால் அங்கே காத்திருப்பு ஒளிந்திருக்கிறது. செயலி நேரத்தை மட்டும் பார்க்கும் புரொஃபைலரில் அதை எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. பல த்ரெட் ஓடும் நிரலில் கூட்டுத்தொகை கடிகாரத்தையே தாண்டிப் போகலாம். அங்கே ஒவ்வொரு த்ரெட்டாகப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இனி, கட்டுரையோடு நீங்கள் அச்சிட்டிருந்த பட்டியலுக்கு வருகிறேன். நிரல் 2 நொடி ஓடியது, நொடிக்கு 100 மாதிரி எடுக்கப்பட்டது என்று படத்தின் கீழே பொடி எழுத்தில் இருந்தது. அப்படியானால் மொத்தம் 200 மாதிரி. அதில் 3 சதவீதம் காட்டிய ஃபங்ஷன் ஐந்தாம் இடம், 2.5 சதவீதம் காட்டியது ஆறாம் இடம். ஒன்று 6 மாதிரி, மற்றது 5 மாதிரி. ஒரே ஒரு மாதிரி வித்தியாசத்தில் ஒன்றை மேலே வைத்து, அதை முதலில் திருத்துங்கள் என்கிறது கட்டுரை. மாதிரி எடுக்கும் முறையில் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இயல்பாகவே ஏற்ற இறக்கம் இருக்கும். 6 மாதிரி என்றால் அது 4ஆகவும் இருக்கலாம், 8ஆகவும் இருக்கலாம். இன்னொரு தடவை ஓட்டினால் வரிசை மாறியிருக்கும். ஒரு ஃபங்ஷனுக்கு 10,000 மாதிரி விழுந்தால்தான் அந்த ஏற்ற இறக்கம் 1 சதவீதத்துக்கு இறங்கும். நிரல் 2 நொடியில் முடிந்துவிடுகிறது என்றால், அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து நீண்ட நேரம் அளக்கலாம்.

நொடிக்கு 100 என்ற அந்த எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. நிரலுக்குள்ளேயே 10 மில்லிநொடிக்கு ஒரு முறை விழித்து ஏதாவது செய்யும் பகுதி இருந்தால், புரொஃபைலரும் அதே தாளத்தில் எட்டிப் பார்க்கும். ஒன்று, எப்போதும் அந்தப் பகுதியையே பார்க்கும். இல்லை, ஒரு தடவைகூடப் பார்க்காது. இதற்காகத்தான் விவரம் தெரிந்தவர்கள் 100க்குப் பதில் 99 என்று வைக்கிறார்கள். தாளம் தப்பிவிடும்.

கட்டுரையில் ஜி-ப்ராஃப் என்ற பழைய கருவியை மாணவர்களுக்குப் பரிந்துரைத்திருந்தீர்கள். சூசன் கிரஹாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் கிர்க் மெக்கூசிக் மூவரும் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவாக்கி, 1982இல் கட்டுரையாக வெளியிட்டது. எந்த ஃபங்ஷன் எந்த ஃபங்ஷனை அழைத்தது என்பதோடு சேர்த்து நேரத்தைக் காட்டியது அந்தக் காலத்தில் பெரிய முன்னேற்றம். நான் தொழில் பழகியதும் அதில்தான். ஆனால் அது நேரத்தைப் பங்கு போடும் விதத்தை மாணவர்களுக்குச் சொல்லாமல் கையில் கொடுக்கக் கூடாது. படத்தைச் சுருக்கும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது என்று வையுங்கள். ஓர் இடத்திலிருந்து சின்னப் படங்களுக்காக 99 முறை அழைக்கிறோம். மொத்தம் 1 நொடி. வேறோர் இடத்திலிருந்து ஒரே ஒரு பெரிய படத்துக்காக அழைக்கிறோம். அதற்கு மட்டும் 9 நொடி. ஜி-ப்ராஃப் எத்தனை முறை அழைத்தது என்பதை எண்ணி வைத்திருக்கும். ஒவ்வொரு அழைப்புக்கும் ஆன நேரம் அதற்குத் தெரியாது. எல்லா அழைப்பும் ஒரே அளவு நேரம் எடுத்தது என்று வைத்துக்கொண்டு, 10 நொடியை அழைப்புக் கணக்கில் பிரித்துவிடும். சின்னப் படங்களின் தலையில் 9.9 நொடி, பெரிய படத்துக்கு 0.1 நொடி! பழி அப்படியே தலைகீழாக மாறிவிடுகிறது. படிப்பவர் சின்னப் படங்களின் பக்கம் போய் வேலை செய்துகொண்டிருப்பார்.

இடம் தவறுவது ஒரு பக்கம் என்றால், பெயரே தவறுவதும் உண்டு. நாம் எழுதிய நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றிக் கட்டும் கம்பைலர், சின்ன ஃபங்ஷன்களை அவற்றை அழைத்த ஃபங்ஷனுக்குள்ளேயே கரைத்துவிடும். அப்புறம் பட்டியலில் அந்தப் பெயர் இருக்காது. அதன் நேரம் அழைத்தவர் கணக்கில் ஏறியிருக்கும். பெயர் விவரம் நீக்கப்பட்ட நூலகமாக (நம் நிரல் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த ஃபங்ஷன் தொகுப்பாக) இருந்தால் இன்னும் மோசம். சில கருவிகள், கிடைத்த முகவரிக்கு முன்னால் பெயர் தெரிந்த ஃபங்ஷன் எதுவோ அதன் பெயரையே போட்டுவிடும். ஒரு முறை, எங்கள் நிரல் எந்த இடத்திலும் அழைக்காத ஒரு ஃபங்ஷன் 22 சதவீதம் எடுத்துக்கொள்கிறது என்று பட்டியல் சொன்னது. மூன்று பேர் சேர்ந்து, யார் இதை அழைக்கிறார்கள் என்று அரை நாள் தேடினோம். யாரும் அழைக்கவில்லை. பெயர் நீக்கப்பட்ட அதன் பக்கத்து ஃபங்ஷன்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் விவரக் கோப்பை நிறுவியதும் உண்மையான பெயர் வந்தது. பட்டியலில் சம்பந்தமில்லாத பெயர் தென்பட்டால், நிரலைச் சந்தேகப்படுவதற்கு முன் பெயரைச் சந்தேகப்படுங்கள்.

யார் யாரை அழைத்தார்கள் என்ற சங்கிலியும் இப்படி அறுந்துபோகும். அந்தச் சங்கிலியைப் பின்தொடர எளிய வழி ஃபிரேம் பாயிண்டர், அதாவது ஓடும் ஃபங்ஷனிலிருந்து அதை அழைத்ததற்குப் போக வழிகாட்டும் முகவரிக் குறிப்பு. ஒரு பதிவகத்தை (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தை) மிச்சப்படுத்துவதற்காகக் கம்பைலர்கள் வெகுகாலமாக அதை விட்டுவிட்டே நிரலைக் கட்டின. அப்படிக் கட்டிய நிரலில் புரொஃபைலர் காட்டும் அழைப்புச் சங்கிலி பாதியில் நின்றுவிடும், அல்லது குப்பையாக இருக்கும். இதனால் பட்ட தொல்லை போதும் என்றுதான் லினக்ஸ் வகைகளான ஃபெடோரா 2023இல் தன் 38ஆம் பதிப்பிலும், உபுண்டு அடுத்த ஆண்டு 24.04 பதிப்பிலும் தங்கள் மென்பொருள்களை மறுபடியும் ஃபிரேம் பாயிண்டரோடு கட்டத் தொடங்கின. உங்கள் நிரலையும் அப்படிக் கட்டும்படி கம்பைலருக்குச் சொல்ல ஒரு தேர்வு இருக்கிறது. அளப்பதற்கு முன் அதைப் போட்டுக்கொள்வது நல்லது. ஆனால் பிழை தேடுவதற்காகக் கட்டிய, வேகப்படுத்தல் எதுவும் செய்யாத நிரலை அளக்காதீர்கள். அது வேறு நிரல். பயனர் கைக்குப் போகும் அதே நிரலைத்தான் அளக்க வேண்டும்.

ஃபங்ஷன் அளவில் சரியாக இருந்தாலும், வரி அளவில் இறங்கினால் இன்னொரு வழுக்கல் இருக்கிறது. செயலியை இடைமறித்து, இப்போது எங்கே இருக்கிறாய் என்று கேட்டு, அது பதில் சொல்வதற்குள் சில கட்டளைகள் தள்ளிப் போயிருக்கும். மெமரியிலிருந்து ஒரு மதிப்பு வர நேரமாகியிருக்கும். பழி அதற்கு அடுத்து நிற்கும் அப்பாவிக் கூட்டல் மேல் விழும். இதைக் குறைக்க இன்டெல் செயலிகளில் பெப்ஸ், ஏஎம்டி செயலிகளில் ஐபிஎஸ் என்று தனி வசதிகளே வன்பொருளில் இருக்கின்றன. லினக்ஸில் உள்ள பெர்ஃப் என்ற புரொஃபைலரில் துல்லியம் கூட்டும் தேர்வைப் போட்டால் இவற்றைப் பயன்படுத்தும். ஒரு வரியில் சூடு தெரிந்தால், அதற்கு முந்தைய இரண்டு மூன்று வரிகளையும் நான் சேர்த்தே படிக்கிறேன்.

ஜாவாக்காரர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டாட் மிட்கோவிச், அமர் திவான், மத்தியாஸ் ஹவுஸ்விர்த், பீட்டர் ஸ்வீனி நால்வரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பரவலாகப் பயன்பாட்டில் இருந்த நாலு ஜாவா புரொஃபைலர்களை எடுத்து, ஒரே நிரலை அளக்கவைத்தார்கள். எந்த ஃபங்ஷன் அதிக நேரம் எடுக்கிறது என்பதில் நாலும் ஒத்துப்போகவில்லை. நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் எல்லோரும் சரியாக இருக்க முடியாதல்லவா? காரணத்தையும் கண்டுபிடித்தார்கள். நிரலை எந்தக் கணத்திலும் எட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, ஜாவா இயந்திரம் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய சில புள்ளிகளில் மட்டுமே அந்தக் கருவிகள் மாதிரி எடுத்தன. அந்தப் புள்ளிகள் எங்கே விழும் என்பது கம்பைலர் முடிவு செய்வது. கணக்கு சூடாக நடக்கும் வளையத்தில் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதியில்) புள்ளியே இல்லை என்றால், அந்த நேரமெல்லாம் அடுத்த புள்ளி இருக்கும் ஃபங்ஷனுக்குப் போய்விடும். இது சாதாரணப் புள்ளியியல் பிழை இல்லை என்பதுதான் முக்கியம். எத்தனை மணி நேரம் ஓட்டி எத்தனை லட்சம் மாதிரி எடுத்தாலும், அதே தவறு இன்னும் உறுதியாகத் தெரியும். புள்ளிக்குக் காத்திராமல் மாதிரி எடுக்கும் கருவிகள் இப்போது ஜாவாவுக்கு இருக்கின்றன. அவற்றைத் தேடிப் பயன்படுத்துங்கள்.

கட்டுரையை ஒட்டி வைத்த தம்பியின் நிரல் பைத்தானில் எழுதியது. பைத்தானோடு வரும் சி-புரொஃபைல் என்ற கருவியால் அளந்திருந்தார். அது காவலாளி வகை. ஓர் எழுத்தைப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லும் குட்டி ஃபங்ஷன் ஒன்று 6 கோடி தடவை அழைக்கப்பட்டு, பட்டியலில் முதலில் நின்றது. அவர் அந்த ஃபங்ஷனையே எடுத்துவிட்டு, அதன் உடலை ஏழு இடங்களில் எழுதி வைத்துவிட்டார். நிரல் படிக்கவே கஷ்டமாகிவிட்டது. மிச்சமானது? 70 நொடி ஓடியது 64 ஆனது. நான் அவரைப் பழைய நிரலை இரண்டு தடவை ஓட்டச் சொன்னேன், புரொஃபைலரோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை. புரொஃபைலர் இல்லாமல் 70 நொடி. புரொஃபைலரோடு 130 நொடி. அந்த 60 நொடியும் காவலாளிகள் எழுதிய நேரம். அதில் பெரும்பங்கு, அதிக தடவை அழைக்கப்பட்ட அந்தக் குட்டி ஃபங்ஷன் மேல் ஏறியிருக்கிறது. பைத்தானில் எழுதிய ஃபங்ஷன்களுக்கு இந்தச் சுமை ஏறும், உள்ளே சி மொழியில் எழுதிய பகுதிகளுக்கு ஏறாது, அதனால் ஒப்பீடு சாயும் என்று பைத்தானின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. கருவியோடும் கருவி இல்லாமலும் ஆகும் நேரத்தை ஒப்பிட இரண்டு நிமிடம்தான் ஆகும். வித்தியாசம் பத்துக்கு ஒன்று என்றால் பரவாயில்லை. நேரம் இரட்டிப்பானால் அந்தப் பட்டியலை வைத்து நான் எதையும் முடிவு செய்யமாட்டேன்.

இதற்கெல்லாம் அடியில், அளக்கும் இயந்திரமே நிலையாக இல்லை என்ற பிரச்சினையும் இருக்கிறது. சூடு ஏறினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்கலத்தில் ஓடும் மடிக்கணினி ஒரு வேகம், மின்இணைப்பில் இன்னொரு வேகம். முதல் ஓட்டத்தில் கோப்பு வட்டிலிருந்து வரும், இரண்டாவது ஓட்டத்தில் மெமரியிலேயே இருக்கும். இவை பலருக்கும் தெரியும். ஆனால் 2009இல் அதே மிட்கோவிச் குழுவினர் காட்டியதைப் படித்துவிட்டு நான் அன்று வேறு வேலை எதுவும் செய்யவில்லை. நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், சூழல் மாறிகளின் (நிரல் தொடங்கும்போது அதனிடம் கொடுக்கப்படும் பெயர், மதிப்புக் குறிப்புகளின்) மொத்த நீளத்தை மட்டும் மாற்றினால் வேகம் மாறுகிறது. அந்த நீளத்தைப் பொறுத்து மெமரியில் ஸ்டாக் (ஃபங்ஷன்கள் தற்காலிக மதிப்புகளை வைக்கும் பகுதி) தொடங்கும் இடம் நகர்கிறது, அதுவே காரணம். அந்த மாறிகளில் பயனர் பெயரும் ஒன்று. ஆக, என் கணக்கில் ஓட்டினால் ஒரு முடிவு, நீளமான பெயர் உள்ளவர் கணக்கில் ஓட்டினால் வேறு முடிவு வரலாம். நிரலின் துண்டுகளை எந்த வரிசையில் இணைத்தோம் என்பதும் இப்படியே முடிவை மாற்றுகிறது. 3 சதவீதம் வேகமாகிவிட்டது என்று யாராவது மகிழ்ச்சியோடு சொன்னால், எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தீர்கள், பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி ஓட்டினீர்களா என்று கேட்பது இதனால்தான். அவர்கள் முகம் வாடினாலும் கேட்டுவிடுகிறேன்.

சரி, இவ்வளவு தவறும் வரலாம் என்றால் எதை நம்புவது? தராசு சரியா என்று சந்தேகம் வந்தால், எடை தெரிந்த படிக்கல்லை வைத்துப் பார்ப்போம் அல்லவா? அதையே இங்கேயும் செய்யலாம். ஒரு ஃபங்ஷனைத் தேர்ந்தெடுங்கள். மொத்தம் 5 நொடி செயலியைச் சுழலவைக்கும் ஒரு வளையத்தை அதற்குள் வையுங்கள். பிறகு மறுபடியும் புரொஃபைல் எடுங்கள். அந்த ஃபங்ஷனின் கணக்கில் 5 நொடி கூட வேண்டும், மற்றவை அப்படியே இருக்க வேண்டும். கூடவில்லை என்றாலோ, வேறு ஃபங்ஷனில் கூடியது என்றாலோ, அந்தப் பட்டியலின் மற்ற வரிகளையும் நம்ப முடியாது. ஜாவா ஆய்வில் அந்த நால்வர் செய்ததும் அடிப்படையில் இதே சோதனைதான்: ஒரு ஃபங்ஷனின் நேரத்தை வேண்டுமென்றே மாற்றி, கருவி அதைப் பார்க்கிறதா என்று கவனித்தார்கள்.

இதைச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. வளையத்துக்குள் நடக்கும் கணக்கின் விடையை எங்காவது பயன்படுத்துங்கள், அச்சிட்டாலும் போதும். இல்லாவிட்டால் கம்பைலர் அது வீண் வேலை என்று வளையத்தையே நீக்கிவிடும். படிக்கல் இல்லாத தராசைப் பார்த்துக்கொண்டிருப்போம். தூங்கச் சொல்லும் கட்டளையை வைத்தும் ஒரு தடவை ஓட்டுங்கள். அந்த 5 நொடி பட்டியலில் தெரிகிறதா இல்லையா என்பதிலிருந்து, உங்கள் கருவி காத்திருப்பை எண்ணுகிறதா என்பது தெரிந்துவிடும். நான் ஒரு முறை பல த்ரெட் ஓடும் நிரலில், முதல் த்ரெட்டை விட்டு இரண்டாவதில் படிக்கல்லை வைத்தேன். பட்டியலில் அசைவே இல்லை. அந்தக் கருவி முதல் த்ரெட்டை மட்டும்தான் அளந்துகொண்டிருந்தது. ஆறு மாதமாக நாங்கள் அந்தப் பட்டியல்களை வைத்துக் கூட்டங்களில் முடிவெடுத்துக்கொண்டிருந்தோம்.

இதே சோதனை இன்னொன்றுக்கும் உதவும். ஒரு ஃபங்ஷனை வேகப்படுத்த நாள் கணக்கில் உழைப்பதற்கு முன், அதை இரண்டு மடங்கு மெதுவாக்கிப் பாருங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும். மொத்த நேரம் எவ்வளவு கூடுகிறதோ, ஏறக்குறைய அந்த அளவுதான் அங்கே கிடைக்கக்கூடிய லாபம். என் தேதி ஃபங்ஷனை அன்றைக்கு மெதுவாக்கிப் பார்த்திருந்தால் 47 நிமிடம் 51 ஆகியிருக்கும். அதை 18 நிமிட வேலை என்று நினைத்திருக்கவே மாட்டேன். சார்லி கர்ட்சிங்கர், எமெரி பெர்கர் இருவரும் 2015இல் வெளியிட்ட கோஸ் என்ற கருவி இதை முறையாகவே செய்கிறது. ஒரு வரியை உண்மையில் வேகமாக்க முடியாது என்பதால், அது ஓடும்போதெல்லாம் மற்ற த்ரெட்களைச் சற்று நிறுத்தி வைத்து, அந்த வரி வேகமானால் என்ன ஆகும் என்று கணிக்கிறது. பல த்ரெட் நிரல் எழுதும் மாணவர்களுக்கு உங்கள் பக்கத்தில் இதை யாராவது விரிவாக எழுதினால் நன்றாக இருக்கும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி இப்படிப் பட்டியல் வெளியிடும்போது, நிரல் கடிகாரப்படி எவ்வளவு நேரம் ஓடியது, புரொஃபைலரின் கூட்டுத்தொகை என்ன, மொத்தம் எத்தனை மாதிரி, எத்தனை தடவை ஓட்டியது, கருவியால் எவ்வளவு நேரம் கூடியது என்ற ஐந்து எண்களையும் சேர்த்து அச்சிடுங்கள். பொடி எழுத்தில் வேண்டாம், பட்டியலுக்கு மேலேயே இருக்கட்டும். ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

வரும் திங்கட்கிழமை அந்தத் தம்பியோடு உட்கார்ந்து, அவருடைய பைத்தான் நிரலில் மூன்று இடங்களில் 5 நொடிப் படிக்கல்லை வைத்து, மாதிரி எடுக்கும் கருவி ஒன்றாலும் சி-புரொஃபைலாலும் அளக்கப் போகிறோம். ஏழு இடங்களில் பிரித்து எழுதியதை அவர் ஏற்கெனவே பழையபடி ஒரே ஃபங்ஷனாக மாற்றிவிட்டார். கிடைக்கும் இரண்டு பட்டியல்களையும் மேலே கேட்ட ஐந்து எண்களோடு உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன். இடம் இருந்தால் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி